மூச்சை விட்ட மலையாடு

முப்பத்து நான்கு வருடம் ஊரார் எலும்பைப் படம் பிடித்த எக்ஸ்ரே அம்மா, பணி ஓய்வு பெற்ற அன்று, மைக்கைக் கையில் கொடுத்த பாவத்துக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனி எக்ஸ்ரே அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். "அந்த அறைச் சுவருக்கு நான் ஒரு படம் தர்றேன். கடையில வாங்கினது இல்ல. நானே மலைக்குப் போய் எடுத்த மலையாடு!" என்றாள். கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி நாலு உடைந்திருக்க வேண்டும், எப்படியோ தப்பியது.

இதில் பெருமை மட்டும் இல்லை. பழைய அறையில், படம் எடுக்க நிற்கும் குழந்தையின் கண்ணுக்கு நேரே சுவரில் ஓர் ஈரக்கறை. பார்த்ததும் பிள்ளைகள் வீறிட்டு அழும். அழுகிற பிள்ளை மூச்சைப் பிடிக்குமா? பிடிக்காது. படம் கலங்கிப் போகும். அதற்காக எக்ஸ்ரே அம்மா ஒரு பொய் கண்டுபிடித்தாள். "அது கறை இல்லடா கண்ணு, மலையாடு. பாரு, கொம்பு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம நிக்குது. நீயும் பிடி பார்க்கலாம்." பிடித்தார்கள். ஆயிரம் பிள்ளைகளா, பத்தாயிரமா, கணக்கே இல்லை. அத்தனை பேரிடமும் சொன்ன பொய்யை ஒரு நாளாவது மெய்யாக்க வேண்டும் என்று அவளுக்குள் ஓர் ஆசை முள் மாதிரி தைத்துக்கொண்டே இருந்தது.

அறை கட்டி முடிய ஒரு வருடம் ஆனது. தலைமை டாக்டர் போன் செய்தார். "திங்கட்கிழமை காலையில திறப்பு. ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள உங்க ஆடு வந்தா ஆடு. வரலைன்னா மருந்துக் கம்பெனிக்காரர் ஒரு படம் குடுத்திருக்கார், அதை மாட்டிடறோம்."

"என்ன படம் டாக்டர்?"

"கல்லீரல். குறுக்கே வெட்டினது. கலர்ல."

எக்ஸ்ரே அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குளிர்காலத்தில்தான் மலையாடுகள் உச்சியிலிருந்து சாலை வரைக்கும் இறங்கும். ஆனால் பனிச் சாலையில் வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே. கணவர், "பனி பார்க்கணும்னா நான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கறேன்" என்று கம்பளிக்குள் போய்விட்டார். அப்போதுதான் மகள் போனில் அந்தக் குண்டைப் போட்டாள்.

"அம்மா, என் மாமியார் வண்டி ஓட்டறேன்னு சொல்றாங்க. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவங்க. ஆனா ஒண்ணு. அவங்களை ஒரு வார்த்தை சொல்லிடாதம்மா. வாழற பொண்ணு நான், பார்த்து நடந்துக்கோ."

இதே நேரத்தில் அந்தப் பக்கம் மருமகன் தன் தாயிடம், "அம்மா, அவங்க பொண்ணு குடுத்தவங்க. மனசு நோகற மாதிரி ஏதாவது பேசி வைக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆக, பழைய வேன் ஒன்று, மரியாதை இரண்டு மூட்டை, இவற்றோடு இரண்டு சம்பந்திகளும் வியாழக்கிழமை விடியற்காலை கிளம்பினார்கள்.

முதல் வளைவு வந்தது. சம்பந்தியம்மாவின் உள்ளங்கை தானாக எழுந்து ஹாரன்மேல் விழுந்தது.

'பாம்ம்ம்ம்!'

மூன்று மலைக்கு அப்பால் குளிர்காலத் தூக்கத்தில் இருந்த கரடி ஒன்று நிச்சயம் புரண்டு படுத்திருக்கும். அடுத்த வளைவு, இன்னொரு 'பாம்ம்ம்.' மலைச் சாலையில் வளைவுக்கா பஞ்சம்? மத்தியானத்துக்குள் நூற்று நாற்பது. எக்ஸ்ரே அம்மா முதலில் எண்ணினாள். அப்புறம் பல்லைக் கடித்தாள். அப்புறம் கடிக்கவும் தெம்பில்லாமல் விட்டுவிட்டாள்.

சாயங்காலம், ஒரு வளைவுக்கு இருபதடி முன்னால், செக்கச் சிவந்த நரி ஒன்று வெயில் பட்டு நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோல் அவ்வளவு அடக்கம். எக்ஸ்ரே அம்மா கேமராவை எடுத்தாள். கண்ணில் வைத்தாள். 'பாம்ம்ம்ம்!' நரி போன வேகத்தில் வால் மட்டும் ஒரு நொடி தாமதமாகக் கிளம்பியது.

"அடடா, போயிடுச்சே" என்றாள் சம்பந்தியம்மா, உண்மையான வருத்தத்தோடு. "இந்தப் பக்கத்து நரிக்கு நெஞ்சில துணிவே இல்ல போலிருக்கு."

"ஆமாங்க" என்றாள் எக்ஸ்ரே அம்மா. தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். மகளின் முகம் கண்ணாடியில் தெரிந்ததுபோல் இருந்தது.

தங்கிய விடுதி அறையில் ஒரு ஹீட்டர் இருந்தது. அது கொடுத்த சூட்டைவிடப் போட்ட சத்தம் அதிகம். இரண்டு கட்டில், இரண்டும் நடுவில் பள்ளம். சம்பந்தியம்மாவின் கனவிலும் வளைவு வந்தது; அவள் குறட்டை ஹாரனுக்கு உடன்பிறப்பு. எக்ஸ்ரே அம்மா கேமரா பேட்டரிகளைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்தாள். குளிரில் விட்டால் அவை செத்துப்போகும். விடியும்போது பேட்டரிக்கு இருந்த தெம்பு அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை அதிர்ஷ்டம் அடித்தது. சாலைக்கு எதிர்ப்பக்கப் பாறைச் சரிவில் ஏழு மலையாடுகள்! கொம்பு ஒவ்வொன்றும் நாற்காலி செய்கிற அளவு. அங்கே வளைவு இல்லை, ஆகையால் ஹாரனும் இல்லை. எக்ஸ்ரே அம்மா முக்காலியைச் சாலையோரம் நட்டாள், கேமராவைப் பொருத்தினாள், நீளமான கேபிளின் நுனியில் இருக்கும் பொத்தானைக் கையில் எடுத்தாள். பிறகு உரத்த குரலில்,

"அசையாதீங்க... மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க!"

என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று நடந்து வேனுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டு பொத்தானை அமுக்கினாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பத்து நான்கு வருடம், 'பிடிங்க' என்று சொன்ன மறுநொடி, கதிர் மேலே படாமல் இருக்க ஈயக்கதவுக்குப் பின்னால் போன கால்கள். வாய் சொன்னதும் கால் கிளம்பிவிடும், மூளையைக் கேட்பதில்லை. கதவு இல்லாத இடத்தில் அவை வேனைக் கதவாக்கிக்கொண்டன.

அன்று அறுபது படம். முதல் படத்தில், அந்த நேரம் பார்த்துக் குறுக்கே போன உப்பு லாரியின் விலாப்பக்கம். சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவிக்கொண்டு தினமும் போகும் லாரி அது. போகிற போக்கில் இவர்கள் வேனுக்கும் தாராளமாகத் தூவிவிட்டு, அடுத்த வளைவில் அதுவும் 'பாம்ம்' என்று அடித்துக்கொண்டு போனது. எந்த நொடியும் ஆடு எட்டிப் பார்க்கும் என்று நம்பி எடுத்த மீதி ஐம்பத்தொன்பது படத்திலும் வெறும் பாறை. அவள் போட்ட சத்தத்தில் ஆடுகள் அடுத்த மலைக்கே குடித்தனம் போயிருந்தன.

சம்பந்தியம்மா எல்லாவற்றையும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தாள். வாய் திறந்தாள். மகனை நினைத்தாள். மூடிக்கொண்டாள்.

"நல்லா வந்ததா படம்?"

"அருமையா வந்திருக்குங்க" என்றாள் எக்ஸ்ரே அம்மா. "பாறையெல்லாம் அப்படியே கண்ணுல ஒத்திக்கலாம்."

இரவு எக்ஸ்ரே அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முழங்காலிலிருந்து கழுத்து வரை ஒவ்வோர் எலும்பும் தன் பெயரைச் சொல்லி வலித்தது. அவளுக்கு எல்லாப் பெயரும் தெரியும் என்பதால் வலி கூடுதல். இன்னும் ஒரு பகல். அப்புறம் கல்லீரல். மூன்று வயசுப் பிள்ளை அதன் முன்னால் நின்று அழும். இதற்கெல்லாம் காரணம் யார்? ஹாரன். தன் கால்களைப் பற்றி அவளுக்கு நினைப்பே வரவில்லை.

சனிக்கிழமை காலை, விடுதியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, "கண்ணாடியைத் துடைச்சிட்டு வர்றேங்க" என்று சொல்லி வெளியே போனாள். ராட்சச எக்ஸ்ரே மெஷினுக்கே ஃபியூஸ் மாற்றிய கை. ஹாரனின் ஃபியூஸைப் பிடுங்க அரை நிமிடம். அது நேராகப் பேட்டரிப் பைக்குள் போனது.

அடுத்த வளைவு. உள்ளங்கை விழுந்தது. சத்தமில்லை.

சம்பந்தியம்மா மறுபடி அமுக்கினாள். இரண்டு கையாலும் அமுக்கினாள். பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரம் கட்டி, நிறுத்தினாள். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"ஹாரன் செத்துப்போச்சு."

"பரவாயில்லங்க, மெதுவாப் போகலாமே..."

"ஹாரன் இல்லாம வளைவுல நுழையறதா?" சம்பந்தியம்மா, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டச் சொன்னதுபோல் பார்த்தாள். "அந்தப் பக்கம் வர்றவனுக்கு நாம இருக்கறது எப்படித் தெரியும்?"

சொல்லி வாய் மூடவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து 'பாம்ம்' என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே உப்பு லாரி, சாலை முழுவதும் தன் அப்பன் வீட்டுச் சொத்து என்பதுபோல், பூதாகாரமாகத் திரும்பி வந்தது. வேனின் பக்கக் கண்ணாடிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு செய்தித்தாளை நுழைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இணைப்போடு சேர்த்து நுழைக்க முடியாது. வேன்மேல் இன்னொரு கோட்டிங் உப்பைப் பூசிவிட்டு லாரி போனது. வேன் நிற்காமல் வளைவுக்குள் நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது. ஒருத்தி முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவள், மற்றவள் அப்படி மோதி வந்தவர்களின் எலும்பைப் படம் எடுத்தவள்.

திரும்பும் வழியெல்லாம் சம்பந்தியம்மா நடை வேகத்தில் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்தக் கொட்டும் பனியில், "ஹோய்! ஹோய்! வர்றேன் ஹோய்!" என்று கத்தினாள். எட்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். விடுதிக்கு வந்தபோது பின்னால் சாலை பனியில் மூடிப்போயிருந்தது, அவளுக்குக் குரலும் போய்விட்டது. புருவத்தில் பனிக்கட்டி தொங்கியது.

அறையில் உட்கார்ந்து, உறைந்த விரல்களைத் தேநீர்க் குவளையில் சுற்றிக்கொண்டு, காற்றுக் குரலில் அவள் சொன்னாள்: "மன்னிச்சிடுங்க சம்பந்தி. என் வண்டியால உங்க ஒரு நாள் வீணாப் போச்சு."

அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் எக்ஸ்ரே அம்மா தாங்கியிருப்பாள். இடுப்புப் பையை அவிழ்த்து, ஃபியூஸை எடுத்து, மேசைமேல் வைத்தாள்.

சம்பந்தியம்மா அதைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

"நீங்களா பிடுங்கினீங்க?"

"நான்தான். தப்புதான். லாரியைப் பார்த்ததுமே எனக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு. ஆனா சம்பந்தி, மூணு நாளா ஒரு நரி நின்னுச்சா? ஒரு கழுகு உட்கார்ந்துச்சா? நீங்க அடிக்கிற அடியில மரத்துல இருந்த பனியே பயந்து விழுதே!"

"ஓ!" போன குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது. "நான் அடிச்ச ஹாரன்ல நரி ஓடிச்சு, சரி. நேத்து ஆடு ஓடினது யாரால? 'மூச்சை இழுங்க, பிடிங்க'ன்னு ஆட்டுக்கு உத்தரவு போட்டுட்டு, வேனுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சது யாரு? நானா?"

"ஒளிஞ்சேனா? நான் எங்கே ஒளிஞ்சேன்?"

"அறுபது படத்துக்கும் ஒளிஞ்சீங்க! அறுபது தடவை! போனதும் வந்ததும் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருந்தேன். வேண்டுதலோ என்னவோன்னு பேசாம இருந்துட்டேன்."

 எக்ஸ்ரே அம்மா கால்களைக் குனிந்து பார்த்தாள், அவை வேறு யாருடையவோ என்பதுபோல. "ஈயக்கதவு" என்றாள் மெதுவாக.

"என்ன?"

சொன்னாள். ஈயக்கதவைச் சொன்னாள், சுவர்க் கறையைச் சொன்னாள், பத்தாயிரம் பிள்ளைகளிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள், குறுக்கே வெட்டின கல்லீரலையும் சொன்னாள். சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எக்ஸ்ரே அம்மா பதறினாள். சிரிப்பு.

"கல்லீரலா? குழந்தைங்களுக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாசமாப் போக. முன்னாடியே சொல்லியிருந்தா அந்த டாக்டர் வீட்டு வாசல்ல போய் நூறு தடவை ஹாரன் அடிச்சிருப்பேனே."

அன்றைக்குத்தான் இருவரும் முதன்முதலாகச் சம்பந்திகளைப் போல் இல்லாமல் மனிதர்களைப் போல் ரொட்டி தின்றார்கள். ஆனால் சிரிப்பு படமாகாது. ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கியாக வேண்டும். படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போடுகிறவர் சாயங்காலம் ஆறு மணி வரைதான் கடையைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை ஃபியூஸ் அதன் இடத்துக்குப் போனது. எக்ஸ்ரே அம்மா முக்காலியை மடித்துப் பின்னால் எறிந்தாள். வரும்போது உப்புக் கறையே படியாமல் பளபளத்த வேன், இப்போது வெள்ளையாகச் சொறி பிடித்ததுபோல் இருந்தது. துடைக்க இருவருக்கும் கை எழவில்லை. தலைமை டாக்டரிடம் என்ன சொல்வது என்று அவள் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். எதை அடுக்கினாலும் கடைசியில் கல்லீரல் வந்து நின்றது. நெற்றியை ஜன்னலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு நாள் தூக்கமும் ஒன்றாக வந்து இமைமேல் ஏறி உட்கார்ந்தது.

"வளைவு வருது" என்றாள் சம்பந்தியம்மா. "அடிக்கவா?"

"தாராளமா அடிங்க சம்பந்தி. இனி யார் ஓடினா எனக்கென்ன?"

'பாம்ம்ம்ம்ம்!'

வளைவு திரும்பியதும் சம்பந்தியம்மா வண்டியை நிறுத்தினாள். நிறுத்தித்தான் ஆக வேண்டும். சரிவிலிருந்து கல்லும் பனியும் உருள, மலையாடுகள் சாலைக்கு ஓடி வந்துகொண்டிருந்தன. ஓடிப்போகவில்லை, ஓடி வந்தன! நாலு, எட்டு, பதினைந்து. மணி அடித்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடும் பள்ளிப் பிள்ளைகள்தான். வந்தவை வேனைச் சூழ்ந்து, சக்கரத்தை, கதவை, விளக்கை நக்கத் தொடங்கின. வேன் தொட்டில் மாதிரி ஆடியது.

"இது என்ன கூத்து?" என்றாள் எக்ஸ்ரே அம்மா.

சம்பந்தியம்மா ஆடுகளின் நாக்கைப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினாள். "உப்பு! தினம் இந்த வளைவுல அந்த லாரி ஹாரன் அடிச்சிட்டு உப்பு போட்டுட்டுப் போகுது. இதுங்களுக்கு ஹாரன்னா சாப்பாட்டு மணி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லாரிக்கு லீவு. பசியோட காத்திருந்திருக்குங்க. நம்ம வண்டி மேலதான் ரெண்டு நாள் உப்பு இருக்கே!"

எக்ஸ்ரே அம்மா மறுபக்கக் கதவைத் திறந்து பூனை மாதிரி இறங்கினாள். முக்காலியை எடுத்து நட்டாள். வேனின் மூக்குப் பக்கம் ஒரு கிழட்டுக் கடா, வளையம் வளையமாகக் கொம்பு, தாடியில் உப்பு, முகப்பு விளக்கை நக்கி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி நேராக இவளைப் பார்த்தது. பின்னால் பாறை, அதற்குப் பின்னால் பனி, அதற்கும் பின்னால் வானம். பேட்டரியை இடுப்பிலிருந்து எடுத்துப் பொருத்தினாள். கேபிளைக் கையில் பிடித்தாள். விரல் உணர்வில்லாமல் இருந்தது. சத்தம் போடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பழக்கம் உதட்டுக்குள் அடங்குமா?

"மூச்சை இழுங்க" என்று கிசுகிசுத்தாள். "பிடிங்க..."

கால் கிளம்பிவிட்டது. ஓரடி, ஈரடி. மூன்றாவது அடிக்குப் போக முடியவில்லை. வேனுக்குப் பின்னால் ஒளிய இடமில்லை. அங்கே ஏழு ஆடுகள். ஒன்று அவள் முதுகில் முட்டி, போ அந்தப் பக்கம் என்று தள்ளியது. தள்ளிய அதிர்ச்சியில் விரல் பொத்தானை அமுக்கியது.

'க்ளிக்.'

இரண்டாவது தடவை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. பேட்டரி குளிரில் உயிரை விட்டிருந்தது. அடுத்த பேட்டரியை எடுப்பதற்குள் வேன் நக்கிச் சுத்தமாகியிருந்தது. ஆடுகள் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மலையேறிக்கொண்டிருந்தன.

நாலு நாளுக்கு ஒரே ஓர் ஆட்டுப் படம். வேனுக்குள் உட்கார்ந்து சின்னத் திரையில் பார்த்தாள். கொம்பு கூர்மையாக இருந்தது. கண் கூர்மையாக இருந்தது. ஆனால் அவள் 'பிடிங்க' என்று சொன்ன அந்த நொடியில் கடா மூச்சை விட்டிருந்தது. மூக்கிலிருந்து கிளம்பிய வெண்புகை பாதி முகத்தை மூடி, பக்கவாட்டில் ஒரு மேகமாகப் பரவி, படத்தின் ஓரம் வரை போயிருந்தது.

"கெட்டுப் போச்சு" என்றாள் எக்ஸ்ரே அம்மா. "மூச்சை விட்டுடுச்சு. எங்க டிபார்ட்மெண்ட்ல இதைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எடுப்போம்."

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தாள்.  "நீங்கதான் சொன்னீங்க, அது முப்பத்து நாலு வருஷமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சுன்னு" என்றாள். "எத்தனை நாள்தான் பிடிக்கும், பாவம்?" சாவியைத் திருப்பினாள். "ஆறு மணிக்குக் கடை. பெல்ட்டைப் போடுங்க."

போய்ச் சேரும்வரை முன்னூறு வளைவு. ஒன்றைக்கூட விடாமல் அடித்தாள்.

திங்கட்கிழமை காலை தலைமை டாக்டர் படத்தின் முன் நின்று, "முகம் சரியாத் தெரியலையே, ஒரே புகையா இருக்கே" என்று தாடையைத் தடவினார். கல்லீரல் ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து காத்திருந்தது. அதற்குள் முதல் நோயாளி வந்துவிட்டான். நாலு வயசு, இருமல், அம்மாவின் கழுத்தை விடாத பிடி, அழத் தயாராகத் திறந்த வாய். இயந்திரத்தின் முன் நிறுத்தியதும் ஆட்டைப் பார்த்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

"அது ஏன் புகை விடுது?"

புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் எக்ஸ்ரே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது ரொம்ப நேரமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் எக்ஸ்ரே அம்மா. "இப்பத்தான் விடுது. நீயும் பிடி. இந்த அக்கா விடச் சொன்னதும் அது மாதிரியே பெருசா விடணும். யாரு பெருசா விடறாங்கன்னு பார்க்கலாம்."

பையன் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தான். மற்றவர்களோடு எக்ஸ்ரே அம்மாவும் ஈயக்கதவுக்குப் பின்னால் போனாள். இந்த முறை கால்கள் போனது சரியான இடம். "விடு!" என்று புதுப்பெண் சொன்னதும் பையன் விட்ட மூச்சில், படம் எடுத்து முடிந்து அவனைக் குனிந்து பார்க்க வந்த தலைமை டாக்டரின் மூக்குக்கண்ணாடி மங்கியது. அவர் அதைத் துடைத்துக்கொண்டே, மூலையிலிருந்த கல்லீரலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

கீழே வாகன நிறுத்தத்தில் ஒரு வளைவு இருந்தது. சம்பந்தியம்மா அவளை அழைத்துப்போக வந்துவிட்டாள் என்பது ஆஸ்பத்திரி முழுவதற்கும் கேட்டது.